மேசை இல்லாத வீட்டில் காப்பி மிஷின்

எங்கள் வீட்டில் காப்பி கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆண்கள் குடிக்கலாம். என் மாமனார் சந்தை நாளில் நாமக்கல் போனால் ஓட்டலில் உட்கார்ந்து குடித்துவிட்டு வருவார். என் புருஷன் விதை வாங்கப் போனாலும் குடிப்பார், மாட்டுக்கு லாடம் கட்டப் போனாலும் குடிப்பார். ஓட்டலில் பெண்கள் போய் உட்கார முடியாது. வீட்டு அடுப்பில் காப்பி வைத்தால் குடும்பம் விளங்காது என்பார்கள். ஆக மொத்தம், தடை ஒன்றும் கிடையாது, எனக்குக் காப்பி மட்டும் கிடையாது.

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

நான் பிறந்தது சூரமங்கலத்தில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வரிசையாக ஒட்டிக் கட்டிய ரயில்வே வீடுகளில் ஒன்றில் வளர்ந்தேன். அங்கே விடிந்தால் காப்பி. பால் பல் விழாத காலத்திலேயே எனக்கும் அரை டம்ளர் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வே கார்டு. வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் கையால் நன்மை அப்பம் வாங்குகிறவரை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கோயிலிலிருந்து திரும்பிச் செருப்பைக் கழற்றியதும் அந்த வீட்டு அம்மாவுக்கு முதல் வேலை காப்பிக்கொட்டை அரைப்பதுதான். அதற்கென்று ஒரு இரும்பு மிஷின் வைத்திருந்தார்கள். மேலே கொட்டையைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் கீழே தூள் விழும். அந்தச் சத்தம் கேட்டதும் நான் ஓடுவேன்.

“சுத்துடி. அவசரப்படாம சுத்து. நாங்கதான் பட்டினி, நீ ஏன் பறக்கற?” என்பார்கள்.

பிறகு என்னை நாமக்கல்லுக்குப் பக்கத்தில் வயலுக்கு நடுவே ஒரு காட்டு வீட்டில் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல நிலம், நல்ல கிணறு. காலையில் கம்மங்கூழ். கூழை நான் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் குடிக்கிறேன். ஆனால் கூழைக் குடித்துவிட்டுக் காப்பி குடித்தது மாதிரி இருக்கிறது என்று என்னால் பொய் சொல்ல முடியாது. எங்கள் வாசலில் நின்றால் கொல்லிமலை தெரியும். அந்த மலையில் காப்பி காய்க்கிறது. கீழே நிற்கிற நான் குடிக்கக் கூடாதாம்.

அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் காப்பித்தூள் கட்டி வந்தேன். ஒரு பழைய வேட்டித் துண்டில் தூளைப் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றிப் பிழிந்து குடிப்பேன். நாலு நாளில் தூளின் வாசனை போய்விடும். அப்புறம் அது காப்பியும் இல்லை, கஷாயமும் இல்லை. அதையும் குடித்தேன். என் மாமியார் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் கழிந்தும் எனக்குக் குழந்தை இல்லை என்றதும் காரணம் கண்டுபிடித்துவிட்டார். காப்பி சூடாம். வயிற்றில் தங்கவிடாதாம்.

ஒரு நாள் காலையில் என் வடிகட்டும் துணியைக் காணோம். எருக்குழியில் கிடந்தது.

“கருகருன்னு கெடந்துது, கரித்துணின்னு எறிஞ்சுட்டேன்” என்றார் மாமியார்.

கரித்துணிக்கும் காப்பித்துணிக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியும். அன்றைக்கே முடிவு செய்தேன். துணி இருந்தால்தானே எறிவார்கள். இரும்பில் வாங்குகிறேன், பித்தளையில் வாங்குகிறேன், தூக்கி எறியட்டும் பார்க்கலாம்.

எனக்குச் சீராக வந்த எருமை ஒன்று இருந்தது. அதன் பால் காசு என் காசு. என் புருஷனிடம் நேராகச் சொன்னேன். “சேலம் போயிக் காப்பி மிசின் வாங்கோணும். கூட வாங்க.” அவர் நல்லவர். சண்டை என்றால் தோட்டத்துக்குப் போய்விடுவார். சேலம் என்றதும் வந்தார்.

கடைவீதியில் பாத்திரமும் இரும்புச் சாமானும் விற்கிற கடை. நான் கேட்டேன், கடைக்காரர் என் புருஷனைப் பார்த்துப் பதில் சொன்னார். கடைசிவரைக்கும் அப்படியேதான் செய்தார்.

“பில்டர் வேணுமுங்க” என்றேன்.

“எத்தனை பேருக்குங்க?” என்றார் அவரிடம்.

“எனக்கு” என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். “ஒரு ஆளுக்குன்னு பில்டர் வாரதில்லீங்க. ஊட்டுல எல்லாருக்குமா சேர்த்துப் பெருசா எடுத்துக்கங்க.”

“ஊட்டுல எல்லாரும் ஓட்டல்ல குடிக்கறாங்க. எனக்கு மட்டும் போதும்.”

அலுமினியத்தில் ஒன்று, எவர்சில்வரில் ஒன்று, பித்தளையில் சிலது எடுத்து வைத்தார். அலுமினியத்தைக் கையில் எடுத்தால் எடையே இல்லை. கீழே விழுந்தால் நசுங்கிவிடும், எங்கள் வீட்டில் அது கீழே விழும் என்று எனக்குத் தெரியும். எவர்சில்வரின் விலையைக் கேட்டுக் கீழே வைத்தேன். உள்ளே ஈயம் பூசிய பித்தளை பில்டரை எடுத்து, மேல் பாத்திரத்தைத் தெரு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடித்தட்டில் பாதி ஓட்டைகள் ஈயத்தில் அடைபட்டிருந்தன.

“அதெல்லாம் சுடுதண்ணி ஊத்துனாத் தெறந்துக்குமுங்க” என்றார்.

“தெறக்காட்டி உங்க ஊட்டுக்குக் கொண்டாந்து ஊத்தட்டுங்களா?”

என் புருஷன் வெளியே போகிற குதிரை வண்டியைப் பார்க்க ஆரம்பித்தார். கடைக்காரர் வேறு பில்டர் எடுத்தார். அதில் எல்லா ஓட்டையிலும் வெளிச்சம் வந்தது. அதை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

அடுத்தது மிஷின். ஒன்று மரப்பெட்டி மாதிரி இருந்தது. மேலே கைப்பிடி, கீழே தூள் விழுகிற சின்ன இழுப்பறை. இன்னொன்று வார்ப்பிரும்பு. கார்டு வீட்டில் இருந்ததே, அதே மாதிரி. பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது.

கடைக்காரர் மரப்பெட்டியைத் தட்டினார். “பொம்பளைங்களுக்கு இதுதானுங்க தோது. அடுப்பங்கரையில குந்திக்கிட்டு மடியில வெச்சுச் சுத்திக்கலாம். சத்தம் வெளிய வாராது.”

அதோடு அந்தப் பெட்டி முடிந்தது. அடுப்பங்கரையில் ஒளிந்து குடிக்கிறதற்கா நான் பஸ் ஏறி வந்தேன்? “இரும்பு மிசினைக் குடுங்க” என்றேன்.

“அது மேசையில மாட்டி முறுக்கற மிசினுங்க. ஊட்டுல மேசை...” என்று அவரிடம் ஆரம்பித்தார். என் புருஷன் வாயைத் திறந்தார்.

“அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம். கட்டுங்க” என்றேன்.

ஏற்காட்டுப் பச்சைக்கொட்டையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். மிஷினை மடியிலேயே வைத்திருந்தேன். ராசிபுரம் தாண்டியதும் என் புருஷன் மெதுவாகச் சொன்னார்.

“நம்மூட்டுல மேசை இல்லீல்ல?”

“அதைக் கடையிலேயே சொல்றதுக்கென்ன?”

“நீ சொல்ல உட்டியா?”

அவர் சொன்னது சரிதான். கார்டு வீட்டு மிஷினின் கைப்பிடி, அதில் பூசிய சிவப்பு, கொட்டை நொறுங்குகிற சத்தம், எல்லாம் எனக்கு நினைவில் இருந்தது. அதன் அடியில் ஒரு மேசை இருந்தது மட்டும் நினைவில் இல்லை. எங்கள் பக்கத்துக் காட்டு வீட்டில் மேசைக்கு என்ன வேலை? சாப்பிடுவது தரையில், படுப்பது கயிற்றுக் கட்டிலில், எழுத்து வேலை கிடையாது. நெல் கொட்ட இடம் இருக்கிறது, பருத்தி கொட்ட இடம் இருக்கிறது, மேசை போட இடம் இல்லை. அதற்காக அந்த மரப்பெட்டியை வாங்கியிருக்கலாம் என்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை.

வீட்டில் எதில் மாட்டிப் பார்த்தாலும் நிற்கவில்லை. கட்டில் சட்டம் உருண்டை, வழுக்கியது. வாசற்படி கனம், மிஷினின் கவ்வுகிற வாய்க்குள் நுழையவில்லை. மணையில் மாட்டிச் சுற்றினேன், மணையும் சேர்ந்து சுற்றியது. மாமனார் வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“பள்ளிக்கூடத்துல ஒரு மேசை கெடக்குது அம்மிணி. வாத்தியாரு அதுமேல தூங்காத நேரமாப் பாத்து மாட்டிக்க” என்றார்.

மாமியார் சிரித்தார். என் புருஷன்கூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

சிரித்து முடித்ததும் மாமனார் தீர்ப்புச் சொன்னார். “மேசையில்லாத ஊட்டுக்கு இது எதுக்கு? சந்தைக்குப் போறப்ப வண்டியில போட்டுட்டுப் போறேன். தெரிஞ்சவங்க ஆராச்சும் சேலம் போனாக் கடையில திருப்பிக் குடுத்துருவாங்க.”

“மொதல்ல வயித்துல ஒண்ணு தங்கட்டும் சாமி. அப்பறம் காப்பி குடிக்கலாம்” என்றார் மாமியார் என்னைப் பார்த்து.

“உங்க மவனும் ஓட்டல்ல போயிக் குடிக்கறாரு அத்தை. அவருக்கு மட்டும் சூடு ஆகாதுங்களா?”

என் புருஷன் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டவேண்டும் என்று எழுந்து போனார்.

அப்போது நான் சொன்னேன். “மிசின் திரும்பிப் போறதா இருந்தா நானும் கூடவே போறனுங்க மாமா. அது கடைக்குப் போவட்டும், நான் சூரமங்கலம் போறேன்.”

சும்மா சொல்கிறேன் என்று நினைத்தார்கள். நான் சும்மா சொல்லவில்லை. அவர்கள் துணியை எறிந்தபோது பொறுத்தேன். என் காசில் வாங்கியதை என்னைக் கேட்காமல் திருப்பி அனுப்புகிற வீட்டில் நாளைக்கு என்னையும் அப்படித்தான் செய்வார்கள். குழந்தை இல்லை என்ற பேச்சு வேறு வந்துவிட்டது. அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் கல்யாணம் கட்டிவைத்த வீடுகள் எங்கள் ஊரிலேயே இருந்தன.

பிறகு குழந்தை பிறந்ததா என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். சொல்லப்போவதில்லை. பிறந்தது என்றால் காப்பியால் கெடுதல் இல்லை என்பீர்கள், பிறக்கவில்லை என்றால் மாமியார் சொன்னது சரி என்பீர்கள். நான் காப்பியைப் பற்றி எழுதுகிறேன்.

சந்தை நாள் வந்தது. முந்தின நாளே கொட்டையை இரும்புச் சட்டியில் வறுத்து வைத்திருந்தேன். பாதி கருகி, பாதி பச்சையாக இருந்தது. எனக்கு அதுதான் முதல் வறுவல். காலையில் வாசலில் நின்று எதில் மாட்டலாம் என்று பார்த்தேன். வேப்பமரத்தடியில் மாமனாரின் கூண்டு வண்டி நின்றது. பின்பக்கம் ஏறி உட்காருகிற பலகை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கையால் அளந்தேன். நல்ல தேக்குப் பலகை, மிஷினின் வாய்க்குக் கணக்காக இருந்தது. மாட்டி, பலகையைக் கவ்வும் திருகைக் குறடு போட்டு முறுக்கினேன். அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. தூள் விழுகிற இடத்தில் ஒரு சின்னத் தூக்குப்போசியைக் கட்டித் தொங்கவிட்டேன்.

அந்த வண்டியில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும்தான் போவார். மூட்டை ஏற்ற விடமாட்டார். அதில் உட்கார்ந்து நான் காப்பி அரைக்க ஆரம்பித்தேன்.

சத்தம் கேட்டது, வாசனையும் போனது. தண்ணீருக்குப் போன பெண்கள் நின்றுவிட்டார்கள்.

“ஏ அம்மிணி, மாமனாரு வண்டிக்கு மை போடறயா?” என்றாள் ஒருத்தி.

“காப்பி அரைக்கறேன்.”

“வண்டிக்கா?”

“வண்டிக்குக் குடுத்துட்டு மிச்சம் இருந்தா உனக்கும் தாரேன், குடத்தை எறக்கு.”

அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கும்போதே மாமனார் காளைகளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்கள். போகவில்லை.

“கழட்டு” என்றார்.

“அரைச்சு முடியட்டுங்க மாமா.”

“நான் சந்தைக்குப் போவோணும்.”

“போங்க. நான் என்ன மாட்டையா புடிச்சு வெச்சிருக்கறேன்?”

அவரே குனிந்து திருகைத் திருப்பினார். திருப்ப வேண்டிய பக்கம் தெரியாமல் மறுபக்கம் திருப்பினார். அது இன்னும் இறுகியது. என்னைக் கேட்டால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. முகம் சிவந்து நிமிர்ந்தார்.

“செரி. இப்படியே வரட்டும். சந்தையில ஆளைக் கூப்புட்டுக் கழட்டிக்கறேன்.”

காளைகளைப் பூட்டினார். முன்னால் ஏறிக் கயிற்றைப் பிடித்தார். நான் இறங்குவேன் என்று நினைத்தார். கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். வண்டி நகர்ந்தது. மாமியார் வாசலுக்கு ஓடி வந்தார்.

“எங்க சாமி போற?”

“சொன்னனே அத்தை. மிசின் கூடப் போறேன்.”

எங்கள் வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு இட்டேரியில் போக வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலம்தான். உள்ளே நுழைந்த வண்டியைத் திருப்ப முடியாது. ரோட்டுக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். இது அவருக்கு நுழைந்த பிறகுதான் உறைத்தது என்று நினைக்கிறேன்.

மருமகள் பிறந்த வீட்டுக்குப் போவதென்றால் எங்கள் பக்கம் ஒரு முறை இருக்கிறது. குளித்து, பூ வைத்து, பலகாரம் கட்டிக்கொண்டு, புருஷனோடு போக வேண்டும். தலை வாராமல், வேலைச் சேலையோடு, வெறுங்கையாக மாமனார் வண்டியில் உட்கார்ந்து போனால் சண்டை என்று காட்டில் மேய்கிற ஆட்டுக்குக்கூடத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். நான் குனியவில்லை. கொட்டை மிச்சம் இருந்தது, சுற்றினேன்.

“ஏனுங் மாமா, சந்தைக்குங்களா?” என்று ஒருவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். “அம்மிணியும் வருதாட்ட இருக்குது?”

மாமனார் காளைகளை விரட்டினார்.

“காப்பி மிசினைத் திருப்பிக் குடுக்கப் போறமுங்க. அப்படியே என்னையும்” என்றேன் நான்.

கொஞ்ச தூரம் போனதும் மாமனார் திரும்பாமலே பேசினார். “எறங்கு.”

“மிசினை எறக்குங்க, எறங்கறேன்.”

“ஊரே சிரிக்குது.”

“நான் சிரிக்கலீங்க மாமா.”

எங்கள் தோட்டம் வந்தது. என் புருஷன் வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். முதலில் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டி வண்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார். காலெல்லாம் சேறு.

“நீங்க எங்க வாரீங்க?” என்றேன்.

“நீ எங்க போறயோ அங்க” என்றார்.

“செருப்பு?”

“இல்ல.”

கோபத்தில்தான் இருந்தேன், ஆனாலும் அவரை அப்போது திட்ட வாய் வரவில்லை. வண்டிக்குள் ஏறச் சொன்னேன். சேறு ஆகும் என்று ஏறவில்லை.

ரோடு வந்தது. ஒரு பக்கம் நாமக்கல், இன்னொரு பக்கம் சேலம். பஸ்ஸுக்கு ஆட்கள் நின்றார்கள். மாமனார் வண்டியை நிறுத்தினார். இறங்கி, சரியாகவே இருந்த மூக்கணாங்கயிற்றை இழுத்துச் சரி செய்தார். பிறகு பின்பக்கம் வந்து நின்றார். மகனுடைய காலைப் பார்த்தார்.

“நெசமாவே போயிருவியா?” என்று என்னைக் கேட்டார்.

“வந்து உக்காந்திருக்கறனுங்களே.”

“ஒரு காப்பிக்கா?”

“நீங்க ஒரு காப்பிக்கா என்னை அனுப்பறீங்க?”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சேலம் பஸ் வந்தது. அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். நான் இறங்கவும் இல்லை, இறங்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. மிஷின் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் நானும். பஸ் போனது.

“நான் வண்டி பூட்டறதுக்கு முந்தியே அரைச்சு முடிச்சுப்போடோணும்” என்றார். “பலகையில தழும்பு உழுகக் கூடாது. அடியில சாக்கை மடிச்சு வெச்சு முறுக்கு.”

“எப்பப் பூட்டறீங்கன்னு முந்தின நாளே சொல்லிப்போடுங்க மாமா.”

அவர் முன்னால் போய் ஏறி வண்டியைத் திருப்பினார். அன்றைக்கு அவர் சந்தைக்குப் போகவில்லை. திரும்பி வரும் வழியிலும் அதே ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இந்தத் தடவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். பில்டரில் தூளைப் போட்டு, காம்புள்ள குடைத்தட்டை வைத்து அமுக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடினேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் முறத்தை வைத்துக்கொண்டு புடைக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். முறத்தில் ஒன்றும் இல்லை.

டிகாஷன் இறங்கவில்லை. தட்டினேன், இறங்கவில்லை. நான் மிஷினில் தூளின் பருமனைக் கூட்டிக் குறைக்கிற அரைப்புத் திருகை இறுக்கி வைத்து மாவு மாதிரி அரைத்திருந்தேன். மாவு ஓட்டையை எல்லாம் அடைத்துக்கொண்டது. கரண்டிக் காம்பால் கிளறினேன். கிளறியதும் தூளும் தண்ணீரும் சேர்ந்து கொடகொடவென்று இறங்கியது. அதில் எருமைப் பாலை ஊற்றி, வெல்லம் போட்டு ஆற்றினேன். நிறம் சேறு மாதிரி இருந்தது.

உட்கார்ந்து ஒரு வாய் குடித்தேன். கருகல் ஒரு பக்கம், பச்சை வாடை ஒரு பக்கம், நாக்கில் மண் மாதிரி தூள்.

“எப்படி இருக்குது?” என்றார் என் புருஷன்.

“நல்லால்ல” என்றேன்.

மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். “இதுக்கா இத்தனையும்?”

“ஆமாங்க அத்தை. இதுக்குத்தான்.”

மிச்சத்தையும் மண்டியோடு குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த தடவைக்கு மிஷினின் அரைப்புத் திருகை எவ்வளவு தளர்த்தலாம் என்று பார்க்க வண்டிக்குப் போனேன்.